வானம் பார்க்கிறவர்களின் பட்டப்பெயர்

பெருங்குடியில் நண்பர் ஒருவருடைய வீட்டு மொட்டை மாடிதான் எங்களுக்குச் சாயங்கால இடம். வடக்கே திருப்பரங்குன்றம் மலை, கிழக்கே மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை. நாலைந்து பேர் கேமராவோடு கூடுவோம். வில்லாபுரத்திலிருந்து சைக்கிளில் வரும் கல்லூரி மாணவன் ஒருவன் உண்டு. விமானம் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே காதை வைத்துச் சொல்லிவிடுவான்: "ஏடிஆர் வருதுண்ணே." ஏடிஆர் என்றால் இறக்கையில் காற்றாடி சுழலும் சின்னப் பயணிகள் விமானம். கீழே தெருவில் லாரி போனாலும் அந்தக் காற்றாடிச் சத்தம் அவனுக்குப் பிசகாது. மற்றவர்களெல்லாம் ஏர்பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். அவன் ஏடிஆருக்காகக் காத்திருப்பான்.

ஒரு நாள் அவன் போனை நீட்டினான். "அண்ணே, விமானப் படத்துக்குன்னே இன்ஸ்டாவுல தனி அக்கவுண்ட் ஆரம்பிக்கப் போறேன். என்ன பேரு வைக்கலாம்?" ஐந்து பெயர்கள் எழுதி வைத்திருந்தான். ஸ்கை கிங், ஃபால்கன், ஏஸ், மாவெரிக், கடைசியாகத் தன் பெயருக்கு முன்னால் 'கேப்டன்'. முதல் நாலையும் உலகத்தில் யாரோ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வேண்டுமென்றால் பின்னால் நாலு எண் சேர்க்க வேண்டும். ஐந்தாவது வேண்டாம் என்று நான் உடனே சொன்னேன். காரணம் கேட்டான். அன்றைக்கு மாடியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விமான உலகத்தில் பெயர் என்பது முதலில் காதுக்கான விஷயம். இரைச்சலும் கரகரப்பும் நிறைந்த ரேடியோவில், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துகளைச் சொல்லும் முறை இன்றைய வடிவத்தில் 1956-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம், ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுகிறவர்களை வைத்துக் கேட்டுப் பார்த்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு குழம்புகிறது என்று சோதித்துப் பொறுக்கிய சொற்கள் அவை. விமானத்தின் பதிவு எண்ணும் இப்படித்தான் உச்சரிக்கப்படுகிறது. இந்தியாவில் பதிவான சிவில் விமானம் எல்லாவற்றுக்கும் முதல் இரண்டு எழுத்து விடி. ரேடியோவில் அது 'விக்டர் டாங்கோ'. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் எடுத்துக்கொண்டு வந்த சின்ன புஸ் மாத் விமானம் விடி-ஏடிஎன். பம்பாயிலிருந்து அந்தத் தபாலை மெட்ராஸ் வரைக்கும் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

நிறுவனங்களுக்கும் ரேடியோவில் தனிப் பெயர் உண்டு. இண்டிகோ விமானம் கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது தன்னை 'ஐஃப்ளை' என்று சொல்லிக்கொள்ளும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 'ஸ்பீட்பேர்ட்'. அது 1932-இல் அதன் முன்னோடி நிறுவனத்துக்காக வரைந்த பறவைச் சின்னத்தின் பெயர். நிறுவனம் பெயர் மாறி, கை மாறி, இணைந்து பிரிந்தபோதும் அந்தப் பறவை ரேடியோவை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் வருஷக் கணக்கில் கேட்டு வளர்ந்தவன் தனக்குப் பெயர் வைக்கும்போது அந்த வாசனை தானாக வந்துவிடும். உதாரணத்துக்கு மதுரையையே எடுத்துக்கொள்வோம். நம் விமான நிலையத்துக்கு இரண்டு சுருக்கக் குறி. ஒன்று ஐஎக்ஸ்எம், டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது. மங்களூரு ஐஎக்ஸ்இ, சண்டிகர் ஐஎக்ஸ்சி, லே ஐஎக்ஸ்எல் என்று இந்தியாவில் இந்த வரிசையில் நிறைய உண்டு. இன்னொன்று விஓஎம்டி, விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் புழங்குவது. தென்னிந்திய நிலையங்கள் எல்லாமே விஓ என்றுதான் தொடங்கும்: சென்னை விஓஎம்எம், திருச்சி விஓடிஆர், தூத்துக்குடி விஓடிகே. டெல்லிப் பக்கம் விஐ, மும்பைப் பக்கம் விஏ, கொல்கத்தாப் பக்கம் விஇ.

ஒருவர் தன் பெயரோடு ஐஎக்ஸ்எம் சேர்த்திருந்தால் பயணமும் படமும் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வேன். விஓஎம்டி சேர்த்திருந்தால் அவர் ரேடியோ கேட்கிற ஆள், இல்லை வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிற ஆள். பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்புவதில்லை. 09, 27 என்ற எண்களைச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. வெளியாளுக்கு அது பிறந்த தேதி மாதிரி இருக்கும். மதுரை ஓடுபாதையின் இரண்டு முனைகள் அவை. கிழக்கு நோக்கி இறங்கினால் திசைகாட்டியில் 90 பாகை, அதன் கடைசிப் பூஜ்யத்தை விட்டால் 09. மேற்கு நோக்கி இறங்கினால் 270, அது 27.

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களின் உலகத்தில் பெயர் வைக்கும் சுதந்திரமே குறைவு. வாட்சிம் என்ற உலகளாவிய வலைப்பின்னலில் விமானம் ஓட்ட உட்கார்ந்தால், நிஜ விமானம் போல ஏதாவது ஒரு அழைப்புக் குறியோடுதான் உள்ளே நுழைய வேண்டும். அதில் மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்காருகிறவரின் பெயர் விஓஎம்டி-யோடு கோபுரத்துக்கான மூன்றெழுத்துச் சுருக்கம், அவ்வளவுதான். ஆளை அடையாளம் காட்ட ஓர் எண் மட்டும் தனியாக உண்டு. மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து, விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் தகவலைப் பிடித்து ஃபிளைட்ரேடார்24-க்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே கதை. பக்கத்து விமான நிலையத்தின் குறியை வைத்து அந்த நிறுவனமே ஒரு பெயர் கொடுக்கும்: டி-விஓஎம்டி, அப்புறம் ஓர் எண். திருநகரில் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் ஒருவர் அந்த எண்ணையே வாட்ஸப்பிலும் பெயராக வைத்திருக்கிறார். பெயரைக் கேட்டால் அதைத்தான் சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது, நியாயமான பெருமை. அவர் வீட்டு மாடியிலிருந்து போகும் தகவலை உலகத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வானொலிக்காரர்களிடமும் இந்த மரபு உண்டு. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினால் அரசே அழைப்புக் குறி கொடுக்கும். இந்தியாவில் அவை பெரும்பாலும் வி, யூ என்ற இரண்டு எழுத்தில் தொடங்குபவை. இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்த ராஜீவ் காந்தியின் குறி வியூ2ஆர்ஜி. கடைசி இரண்டு எழுத்தும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

அவனியாபுரம் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இந்த மனசு புரியும். விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரம்தான் அந்த ஊர். தைப்பொங்கல் அன்றைக்கு வாடிவாசல் திறக்கும்போது மைக்கில் என்ன சொல்கிறார்கள்? யார் வீட்டு மாடு, எந்த ஊர் மாடு. அதைக் கேட்டதும் கூட்டம் அடையாளம் கண்டுகொள்கிறது. விடி என்பதும் விஓஎம்டி என்பதும் அந்த மாதிரிதான். எந்த ஊர் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஆளைச் சொல்வது.

விமானப் பிரியர் தன் பெயரைத் தானே தேடிக்கொள்கிறார். விமானப் படையில் போர் விமானம் ஓட்டுகிறவருக்குப் பெயர் பெரும்பாலும் கூட இருப்பவர்கள் கொடுப்பது. 1986-இல் வந்த 'டாப் கன்' என்ற அமெரிக்கப் படம் இதை உலகம் முழுக்கத் தப்பாகப் புரியவைத்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விமானியின் பெயர் என்றாலே கம்பீரம், தனிமை, துணிச்சல். நிஜத்தில் அமெரிக்க விமானப் படைப் பிரிவுகளில் பெயர் சூட்டுவதற்குத் தனியாகக் கூட்டம் போடுவார்கள். புதிதாக வந்தவர் செய்த தவறு, அவர் உளறியது, குடும்பப் பெயரோடு எதுகை போடும் சொல், இதிலிருந்து ஒன்றைச் சக விமானிகள் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்கவில்லை என்று முரண்டு பிடித்தால் அதைவிட மோசமானது வந்து சேரும். பல பேருக்கு ஆயுள் முழுக்க அந்தப் பெயர் கூடவே வரும்.

நம் விமானப் படையில் இன்னும் மென்மையான ஒரு வழக்கமும் இருக்கிறது: பெயரைச் சுருக்கி ரேடியோ அளவுக்குக் கொண்டுவருவது. 2025 ஜூன் மாதம் விண்வெளி நிலையத்துக்குப் போன குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லாவின் அழைப்புப் பெயர் 'ஷக்ஸ்'. சுக்லா ஒரே அசையில் முடிந்துவிட்டது. வீட்டில் அவர் 'குஞ்சன்'. 2016 முடிவிலிருந்து 2019 வரை விமானப் படைத் தலைவராக இருந்த பீரேந்தர் சிங் தனோவாவை நண்பர்கள் 'டோனி' என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பெயரெடுத்த கருண் கிருஷ்ண மஜும்தார் இன்றைக்கும் வரலாற்றில் 'ஜம்போ' மஜும்தார். 1948 மே மாதம் லேயில் முதல் விமானத்தை இறக்கிய மேஹர் சிங் 'பாபா'. கிருஷ்ணமூர்த்தி கிச்சாவாகவும் சுப்பிரமணியன் மணியாகவும் ஆவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர் விமான தளத்தை ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தாக்கின. நம் விமானப் படைப் பிரிவான 18-ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து இரண்டு நாட் போர் விமானங்கள் கிளம்பின. முன்னால் போனவர் குமன். அவருக்குப் பின்னால், குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுபாதையிலிருந்தே எழும்பியவர் ஃபிளையிங் ஆபீஸர் நிர்மல்ஜித் சிங் செகோன். பனிமூட்டத்தில் குமனுக்கு மற்றவர்கள் கண்ணில் படவில்லை. செகோன் தனியாளாக நின்று சண்டையிட்டார். தன் விமானம் அடிபட்டதாகத் தோன்றிய நேரத்தில் ரேடியோவில் அவர் கூப்பிட்டது குமன் என்ற பெயரை இல்லை, 'ஜி-மேன்' என்ற பெயரை. அவருடைய குரலில் கடைசியாகக் கேட்டவற்றுள் அது ஒன்று. செகோனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'பிரதர்'. எல்லோரையும் அவர் அப்படிக் கூப்பிடுவார், அதனால் எல்லோரும் அவரை அப்படிக் கூப்பிட்டார்கள். விமானப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய அந்த 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் கோவைக்குப் பக்கத்தில் சூலூரில், தேஜஸ் விமானங்களோடு பணியைத் தொடங்கியது.

'பிரதர்' என்பதில் வீரம் எங்கே இருக்கிறது? சொல்லில் ஒன்றும் இல்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கூட இருந்தவர்கள் பார்த்துவைத்த ஒன்று அதில் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது எனக்குச் சங்கப் புலவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 'செம்புலப் பெயல்நீர் போல' என்று ஒரு பாட்டில் எழுதியவரின் நிஜப் பெயர் கிடைக்கவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் அவரைச் செம்புலப்பெயனீரார் ஆக்கினார்கள். முற்றத்தில் அணில் ஆடியதை எழுதியவர் அணிலாடு முன்றிலார். தேய்ந்த பழங்கயிற்றை உவமை சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒருவர் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்குப் பெயர் வைப்பது இந்த மண்ணில் இரண்டாயிரம் வருஷப் பழக்கம்.

திருமங்கலத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் விமானப் படையில் இன்ஜின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக்காகத் தாம்பரம் போன முதல் நாள், எப்படி வந்தாய் என்று இந்தியில் கேட்டிருக்கிறார்கள். இந்தி தெரியாது. கேள்வி புரிந்த மாதிரி இருந்ததால், "வைகை, வைகை" என்று ரயிலின் பெயரை இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து இருபது வருஷம் அவர் வைகைதான். ஆதம்பூரில் வைகை, ஜோத்பூரில் வைகை. பேஸ்புக்கில் கணக்குத் தொடங்கியபோது மகன் அவருடைய முழுப் பெயரைப் போட்டுக் கொடுத்தான். இரண்டு வருஷம் பழைய ஆட்கள் யாரும் வரவில்லை. அப்புறம் அவரே 'வைகை' என்று மாற்றினார். ஒரே மாதத்தில் பஞ்சாபிலிருந்து ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். "சார், அவனுக்கு என் பேரே தெரியாது. வைகைன்னு தேடியிருக்கான்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

அவர் அந்தப் பெயரோடு 21 என்ற எண்ணையும் சேர்த்திருக்கிறார். மிக்-21. 1963-லிருந்து நம் விமானப் படையில் இருந்த அந்த விமானம் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. பெயர்களில் 21, 29, 30, 747 என்று எண்களைப் பார்த்தால் அது வெறும் எண் என்று தாண்டிப் போகாதீர்கள். 747-க்குப் பின்னால் ஏர் இந்தியாவின் பழைய ஜம்போக்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பேரரசர்களின் பெயர், அதில் ஒன்று ராஜேந்திர சோழன். ஆனால் விபத்திலோ தாக்குதலிலோ போன விமானத்தின் பதிவு எண்ணை யாரும் பட்டப்பெயராக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 1985 ஜூன் 23-இல் குண்டு வெடித்து அயர்லாந்துக்கு அருகே கடலில் விழுந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா, விடி-இஎஃப்ஓ. 329 பேர். அந்த எழுத்துகள் அவர்களுடைய குடும்பங்களுக்குச் சொந்தம்.

பணியில் இருப்பவர்களின் விஷயம் வேறு. அவர்கள் இணையத்தில் பெயர் வைப்பது தங்களை மறைத்துக்கொள்வதற்கு. 2019 டிசம்பரில் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை போட்டது. 2020 ஜூலையில் ராணுவம் 89 செயலிகளை போனிலிருந்து நீக்கச் சொன்னது. காரணம் எளிது. ஸ்குவாட்ரன் எண், பிறந்த வருஷம், சொந்த ஊர்ப் பெயரின் முதலெழுத்து. மூன்றும் ஒரே பட்டப்பெயரில் சேர்ந்தால் ஆள் யார், எங்கே இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் விமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெயரை வைப்பார்கள். சாப்பாட்டுப் பெயர், நாய்க்குட்டியின் பெயர், ஊர்த் திருவிழாவின் பெயர். பெயரில் பறவையும் இறக்கையும் நிறைய இருந்தால் அந்த ஆள் பெரும்பாலும் என்னைப் போல வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்.

பறவை என்றதும் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள் ஃபால்கன், ஈகிள் என்று தேடி, கிடைக்காமல் பின்னால் எண் ஒட்டுகிறார்கள். கடற்படையே நம்மிடம் வந்து தமிழ்ப் பறவைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. அரக்கோணத்தில் 1992-லிருந்து இருக்கும் விமான தளம் ஐஎன்எஸ் ராஜாளி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளியில் இருப்பது ஐஎன்எஸ் பருந்து. 2009-இல் அந்தப் பெயர் சூட்டினார்கள். வல்லூறு, செம்பருந்து, உள்ளான், தகைவிலான், உழவாரன் என்று எத்தனை இருக்கின்றன! உழவாரன் பறந்துகொண்டே தூங்கும் என்று சொல்லும் அளவுக்கு வானத்திலேயே வாழ்கிற குருவி. விமானப் பிரியனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஆங்கிலத்தில் எனக்குத் தெரியவில்லை.

இனி 'கேப்டன்' விஷயத்துக்கு வருகிறேன். பதவிப் பெயர் என்பது ஒருவர் பல வருஷப் பயிற்சியும் பொறுப்பும் கொடுத்து வாங்கியது. அதைக் கண்ணாடியில் அழகாக இருக்கிறது என்று நாம் எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. இதனால் நிஜமாகவே கெடுதல் வரும். 2019 பிப்ரவரி 27-இல் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் சிக்கி, மார்ச் 1-ஆம் தேதி திரும்பி வந்தார். அந்த நாட்களில் அவர் பெயரில் போலிக் கணக்குகள் முளைத்தன. அவருக்கு எந்தச் சமூக ஊடகத்திலும் கணக்கு இல்லை என்று விமானப் படையே அறிவிக்க வேண்டியதாயிற்று. நல்லெண்ணத்தில் தொடங்கியவர்களும் அதில் இருந்திருக்கலாம். படிக்கிற ஜனம் அதை நம்பித்தானே பகிர்ந்தது?

இதைச் சொன்னதும் பையன் 'கேப்டன்' இருந்த வரியை அழித்தான். கொஞ்ச நேரம் யோசித்து மற்ற நாலையும் அழித்தான். இப்போதைக்குத் தன் சொந்தப் பெயரிலேயே படம் போடுகிறான். நன்றாகவே எடுக்கிறான், ஈரமான ஓடுபாதையில் சக்கரம் தொட்ட நொடியில் தண்ணீர் சிதறுகிற படம் ஒன்று இருக்கிறது, அதை நான் போனில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் மழை. மாடிக்குப் போக முடியாமல் முக்கில் இருக்கும் டீக்கடைத் தாழ்வாரத்தில் எல்லோரும் நின்றிருந்தோம். தகரத்தில் மழைச் சத்தம், வடைச் சட்டியின் சத்தம், பஸ் சத்தம். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "டேய் ஏடிஆரு, உன் வண்டி வருதுடா" என்றார்.

அவன் சட்டென்று திரும்பினான்.